ட-வில் தொடங்குவோம்: ஸ்க்ரோல் சா பழக நாலு எழுத்து

என் மகளுக்குப் பள்ளியில் முதலில் எழுதச் சொன்ன எழுத்து அ இல்லை, ட. மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு, அவ்வளவுதான். அப்புறம் ப. அ-வுக்கு வர வாரக்கணக்கில் ஆயிற்று. அவள் நோட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது, ஸ்க்ரோல் சா (மரத்தில் வளைவுகளை வெட்டும் சின்ன ரம்ப மெஷின்) வந்த அன்றே பிள்ளையார் வெட்டப் போய் நான் ஏன் ஏழு பிளேடை உடைத்தேன் என்று.

அதனால் இங்கே பிள்ளையார் கிடையாது. ட, ப, ம, அ என்று நாலே எழுத்து. நாலையும் வெட்டி முடித்தால் இந்த மெஷினில் தேவைப்படும் கைவேலை பெரும்பாலும் கைக்கு வந்துவிடும்.

மெஷினைப் பற்றிக் கொஞ்சம்

தையல் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். ஊசி இருக்கும் இடத்தில் மெல்லிய ரம்பப் பிளேடு நின்று மேலும் கீழும் ஓடும். துணிக்குப் பதில் மரம். ஒரே வித்தியாசம், தையல் மெஷினில் கீழே இருக்கும் பல் துணியைத் தானே இழுத்துக்கொண்டு போகும். இங்கே இழுக்க ஆள் இல்லை. தள்ளுவதும் திருப்புவதும் உங்கள் கைதான்.

வீட்டுக்கு 16 அங்குல மெஷின் போதும். அந்த 16, பிளேடிலிருந்து பின்னால் இருக்கும் தூண் வரை உள்ள இடைவெளி. மோட்டார் பெரும்பாலும் 90 முதல் 120 வாட்தான், உங்கள் வீட்டு மிக்ஸியே இதைவிட நாலைந்து மடங்கு இழுக்கும். ஆனால் அதிர்வு வேறு கதை. எங்கள் சென்னை ஆதம்பாக்கம் ஃபிளாட்டில் முதல் வாரமே கீழ்வீட்டுப் பாட்டி மேலே வந்து, "ஏம்பா, ராத்திரி எட்டு மணிக்கு மேல என்னத்த அரைக்கிற?" என்று கேட்டார். மேஜைக்காலுக்கு அடியிலும் மெஷினுக்கு அடியிலும் தடித்த ரப்பர் பாய் போட்ட பிறகு அவர் வரவில்லை. எட்டு மணிக்கு மேல் வெட்டுவதையும் விட்டுவிட்டேன், அதுவும் காரணமாக இருக்கலாம்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: குச்சி வைத்த பிளேடு, குச்சியில்லாத பிளேடு இரண்டும் மாட்ட முடியுமா? குச்சி வைத்ததில் இரண்டு முனையிலும் குறுக்கே சின்ன ஆணி போல ஒன்று இருக்கும். மாட்டுவது சுலபம், ஆனால் அது நுழைய 5 மி.மீ.க்கு மேல் ஓட்டை போட வேண்டும். குச்சியில்லாததற்கு 1.5 மி.மீ. போதும். எழுத்துக்குள் மூடிய இடத்தை வெட்டும்போது இந்த வித்தியாசம் பெரிது. எனக்கு விற்றவர் "ரெண்டும் போடலாம் சார்" என்றார். பெட்டியைத் திறந்தால் ஒன்றுக்குத்தான் பிடி இருந்தது. மாற்றி வாங்க ஒரு மாதம் அலைந்தேன்.

மெஷினுக்கு இப்போது பணம் போட மனமில்லை என்றால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப வடிவச் சட்டம் கொண்ட கை ரம்பம் வாங்கிக்கொள்ளுங்கள். பாரிமுனைப் பக்கம் கருவிக் கடைகளில் கிடைக்கும். ஃப்ரெட் சா என்று கேட்டு வாங்கினால் அதிலும் குச்சியில்லாத 5 அங்குலப் பிளேடை மாட்டலாம். நாலு எழுத்தையும் அதிலேயே பழகலாம், நேரம்தான் கூட ஆகும்.

பிளேடு

பிளேடுக்கு எண் உண்டு. எண் ஏற ஏற பிளேடு தடிக்கும். 6 மி.மீ. பிளைவுட்டுக்கு 3 அல்லது 5, முக்கால் அங்குல மரத்துக்கு 5 அல்லது 7. புதிதாகப் பழகுபவர் 5-ஆம் எண்ணில் ஒரு டஜன் வாங்கிவிடுங்கள். ஒன்றிரண்டு வாங்கினால் பத்தாது, நிச்சயம் உடையும். உடைவது தப்பில்லை. சரியாக வெட்டினாலும் ஒரு பிளேடு அரை மணி நேரம் ஓடினால் அதிகம். மரத்தைத் தள்ளக் கை அழுத்துகிறதா, வெட்டிய ஓரம் கருகுகிறதா, உடனே மாற்றிவிடுங்கள். பிளேடைச் சேமிக்கப் பார்த்தால் மரம்தான் வீணாகும்.

மாட்டும்போது பல் உங்களைப் பார்த்தும், கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாது. பழைய பனியன் துணியைப் பிளேடில் மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள், துணி மாட்டினால் பல் கீழே பார்க்கிறது. தலைகீழாக மாட்டினால் மரம் தவளை போலக் குதிக்கும். பிளக்கைப் பிடுங்காமல் பிளேடில் கை வைக்காதீர்கள்.

பிளேடின் இறுக்கம் அடுத்த விஷயம். இறுக்கிவிட்டுப் பிளேடை விரலால் சுண்டுங்கள். ஸ்ருதி சேர்ந்த தந்தி போல "டிங்" என்று கேட்க வேண்டும். "டொப்" என்றால் தொய்வு. பக்கவாட்டில் தள்ளினால் 3 மி.மீ.க்கு மேல் வளையக் கூடாது. நான் உடைத்த ஏழில் குறைந்தது ஐந்து தொய்வினால் போனவை.

பிறகு, பிளேடு மேஜைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மூலைமட்டம் வைத்தும் பார்க்கலாம், ஆனால் இந்த வழிதான் எனக்குப் பிடித்தது: ஒன்றரை அங்குலத் தடிமன் உள்ள கட்டையில் 3 மி.மீ. ஆழத்துக்கு ஒரு கீறல் வெட்டி மெஷினை நிறுத்துங்கள். கட்டையைப் பிளேடுக்குப் பின்னால் கொண்டுபோய், அதே கீறலைப் பிளேடின் முதுகில் நுழைத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு நுழைந்தால் மேஜை சரி. மேலே நுழைந்து கீழே இடித்தால் மேஜை சாய்ந்திருக்கிறது.

மேஜையின் நடுவில் பிளேடைச் சுற்றிச் சின்ன ஓட்டை இருக்கும். சின்னத் துண்டெல்லாம் அதில்தான் விழுந்து தொலையும். காலாவதியான ஏ.டி.எம். கார்டின் நடுவில் 2 மி.மீ. ஓட்டை போட்டு, பிளேடை அதன் வழியாக விட்டு, கார்டை மேஜையில் டேப்பால் ஒட்டிவிடுங்கள். இரும்பு மேஜையில் மெழுகுவத்தியைத் தேய்த்துத் துணியால் துடைத்தால் மரமும் வழுக்கும், துருவும் கொஞ்சம் தள்ளிப் போகும். நம்ம ஊர்க் கடற்காற்றில் இது சும்மா செய்யும் வேலை இல்லை.

மரமும் தாளும்

எழுத்து வெட்டப் பிளைவுட்தான் சரி, 6 அல்லது 9 மி.மீ. காரணம் ட-விலேயே இருக்கிறது. மரத்தில் ரேகை ஒரு திசையில்தான் ஓடும். ட-வின் ஒரு கை ரேகையோடு போனால் மற்றது குறுக்கே போகும். குறுக்கே போகும் மெல்லிய கை, தவறி விழுந்தால் பிஸ்கட் போல ஒடியும். பிளைவுட்டில் அடுக்குகள் மாறி மாறி ஒட்டியிருப்பதால் இரண்டு பக்கமும் பலம். எம்.ஆர். (ஓரளவு ஈரம் தாங்கும்) கிரேடைவிட பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரையும் தாங்கும்) கிரேடு ஈரத்தைத் தாங்கும். ஒரு முழு ஷீட் வாங்க வேண்டாம், சைடன்ஹாம்ஸ் ரோடு பிளைவுட் கடைகளில் துண்டு கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் தெருவில் எந்த வீட்டில் இன்டீரியர் வேலை நடக்கிறதோ அங்கே தச்சரிடம் கேளுங்கள். டீ வாங்கிக் கொடுத்தால் ஒரு மூட்டை கிடைக்கும்.

தேக்கு ஆசை முதல் வாரம் வேண்டாம். தேக்கில் மணல் போன்ற சிலிக்கா உண்டு, பிளேடின் பல்லைச் சீக்கிரம் மழுக்கும். எம்.டி.எஃப். (மர இழையைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) வழுவழுவென்று வெட்டும், ஆனால் அதன் தூள் மூக்குக்கு ஆகாது. எதை வெட்டினாலும் என்-95 மாஸ்க்கும் கண்ணாடியும் போடுங்கள். துப்பட்டா, தொளதொளத்த சட்டைக் கை, வளையல் வேண்டாம்.

எழுத்தைக் கம்ப்யூட்டரில் 10 செ.மீ. உயரத்துக்குப் பெரிதாக்கி ஏ4 தாளில் அச்செடுங்கள். வழக்கமான எழுத்துருக்கள் கோடு மெலிந்தவை. பாலூ தம்பி என்று இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு நன்றாகத் தடித்து, முனை உருண்டு இருக்கும், வெட்டத் தோது. பிளைவுட்டின் மேல் முதலில் மாஸ்கிங் டேப், அதன்மேல் பசைக்குச்சி தடவித் தாள், தாளின் மேல் அகலமான பார்சல் டேப். கடைசி டேப் வெறும் பாதுகாப்புக்கு இல்லை. பிளேடின் உரசலைக் குறைத்து ஓரம் கருகாமல் காப்பாற்றும். வெட்டி முடித்தபின் அடியில் உள்ள மாஸ்கிங் டேப்பை உரித்தால் எல்லாம் சேர்ந்து வந்துவிடும்.

ட

வேகத்தைக் குறைத்து வையுங்கள். கோட்டின் மேலேயே வெட்டாமல், கோட்டுக்கு வெளியே அரை மில்லி விட்டு வெட்டுங்கள். மீதியை உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும்.

முதல் நேர்கோட்டிலேயே ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. நேராகத்தான் தள்ளுவீர்கள், வெட்டு வலப்பக்கம் ஓடும். மெஷின் கோளாறு என்று நினைக்காதீர்கள். பிளேடைச் செய்யும்போது ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும், அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகமாக வெட்டும். கோட்டில் உங்கள் பக்கம் இருக்கும் முனை சற்று வலப்புறம் சாயும்படி மரத்தைப் பிடித்துத் தள்ளுங்கள், வெட்டு கோட்டோடு போகும். எவ்வளவு சாய்வு என்பது பிளேடுக்குப் பிளேடு மாறும். பழைய துண்டில் நாலு கோடு வெட்டினால் கை கண்டுபிடித்துக்கொள்ளும்.

ட-வின் உள்மூலைக்குத் திருப்பவே வேண்டாம். மேலிருந்து மூலை வரை வெட்டி, வந்த வழியே பின்னால் வாருங்கள். அப்புறம் வலப்பக்க முனையிலிருந்து அதே மூலைக்கு வெட்டுங்கள். நடுத்துண்டு தானாகக் கழன்றுவிடும். வெளிமூலையில், கோட்டைத் தாண்டிக் கழிவுப் பக்கம் போய் ஒரு சின்ன வட்டம் அடித்து அடுத்த கோட்டில் வந்து சேருங்கள். கூர்மையான மூலை கிடைக்கும்.

ப

இங்கே தப்பிக்க முடியாது. இரண்டு உள்மூலை, அடியில் ஒரு கோடு, அந்த அடிக்கோட்டுக்குப் போகத் திரும்பியே ஆக வேண்டும்.

மூலைக்கு வந்ததும் தள்ளுவதை நிறுத்துங்கள், மெஷினை நிறுத்த வேண்டாம். மரத்தை ஒரு இழை உங்கள் பக்கம் தளர்த்துங்கள், பல் வெட்டுவது நின்று சத்தம் மெலிதாகும். அந்தச் சத்தம் மாறும் கணம்தான் குறி. இடது ஆள்காட்டி விரலை மூலைக்கு அருகே, பிளேடிலிருந்து தள்ளி அச்சாக ஊன்றி, வலக்கையால் மரத்தைச் சட்டென்று சுழற்றுங்கள். மெதுவாகத் திருப்பினால் பல் கடித்துக்கொண்டு மூலை குண்டாகும். பயந்து பாதியில் நிறுத்தினால் பிளேடு முறுகி "டக்". எனக்கு இது பிடிபட மூன்று ப ஆயிற்று. முதல் இரண்டும் ப-வா ட-வா என்று தெரியாத நிலையில் இன்னும் அலமாரியில் கிடக்கின்றன.

ம

ம-வின் வலப்பக்கம் ஒரு மூடிய அறை இருக்கிறது. வெளியிலிருந்து அதற்குள் போக வழியில்லை. கழிவுப் பகுதியில், கோட்டை ஒட்டாமல், 1.5 மி.மீ. துளை போடுங்கள். பிளக்கைப் பிடுங்கி, மேல்பிடியைத் தளர்த்தி, மரத்தைப் பிளேடின் மேல் இறக்கி, மறுபடி மாட்டி இறுக்குங்கள். அறையை வெட்டி எடுங்கள். அதன்பிறகுதான் வெளிக்கோடு. உள்ளே முதலில், வெளியே பிறகு, இந்த வரிசையை மாற்றாதீர்கள். வெளியை முதலில் வெட்டிவிட்டால் பிடிக்க மரமே இருக்காது, விரல் பிளேடுக்கு அருகே போகும்.

அ

ஓலையில் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும், அதனால்தான் நம் எழுத்துகள் சுழித்தன என்பார்கள். காரணம் எதுவானாலும் அ-வின் சுழி இந்த மெஷினுக்கென்றே போட்டது போல இருக்கும். கண் பிளேடைப் பார்க்கக் கூடாது. பிளேடுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் கோடு எங்கே வளைகிறது என்று பாருங்கள். சைக்கிள் ஓட்டும்போது முன்சக்கரத்தையா பார்க்கிறோம்? வளைவில் வேகம் குறையக் குறைய வெட்டு சுத்தமாகும். நடுவில் நிற்காதீர்கள், நின்ற இடத்தில் ஒரு பள்ளம் விழும்.

மெருகு

180, பிறகு 220 உப்புத்தாள். ஓரங்களை மட்டும் லேசாக உருட்டுங்கள். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷ் இரண்டு கோட் அடித்தால் பிளைவுட் ஓரத்தின் அடுக்குகள்கூட அழகாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் அடிக்காதீர்கள். காற்றின் ஈரம் பட்டு வெள்ளையாகப் பூத்துவிடும்.

நாலும் முடிந்ததும் நான் "அம்மா" என்று வெட்ட உட்கார்ந்தேன். எழுத்தெல்லாம் சரியாக வந்தது, ம்-மின் புள்ளிதான் தகராறு. பட்டாணி அளவு துண்டு. ஒன்று மேஜை ஓட்டையில் விழுந்தது, ஒன்று ஜன்னல் வழியாகப் பறந்து பாட்டி வீட்டுத் துளசி மாடத்தில் இறங்கியது. கார்டு ஒட்டும் யோசனையே அப்புறம் வந்ததுதான். அந்த அளவுத் துண்டை விரலால் பிடித்து வெட்டவே கூடாது, உள்ளங்கை அளவுப் பலகையிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும் என்பதும் அப்போது தெரியாது. என் மகள் பழைய குர்தாவிலிருந்து ஒரு மரப் பொத்தானை அறுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஃபெவிகால் வைத்து ஒட்டினேன். நாலு ஓட்டையோடு இன்னும் அம்மாவின் சமையலறையில் இருக்கிறது.