ஜொகன்னஸ்பர்க்கில் சித்திரை: வடக்கு ஜன்னலும் மோர் மிளகாயும்

ஊரில் சித்திரை பிறக்கும்போது வெயில் மண்டையைப் பிளக்கும். இங்கே, தென்னாப்பிரிக்காவின் ஜொகன்னஸ்பர்க்கில், அதே சித்திரை இலையுதிர் காலம். ஏப்ரல் தொடங்கியதும் புதிதாக வந்த நம்மவர்கள் ஹீட்டர் விலையை விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். குளிர் வரட்டும், அதற்கு ஜூன், ஜூலை இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து மே கடைசி வரையான இந்த இரண்டு மாதமும் வீட்டில் இருப்பதற்கென்றே அமைந்தவை. இந்த நகரத்தின் லெனேசியா பகுதியில் குடும்பம் நடத்தும் எனக்கு வருடத்தில் ஆகப் பிடித்த காலம் இதுதான். இதை எப்படி அனுபவிப்பது, இதில் என்னென்ன செய்துகொள்ளலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் காற்றைக் கவனியுங்கள். அக்டோபரிலிருந்து மார்ச் வரை மதியத்துக்கு மேல் கருக்கல் கட்டி, இடி இடித்து, சில நாள் ஆலங்கட்டியும் கொட்டும். கொடியில் துணி காயப்போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார முடியாது. ஏப்ரல் நடுவில் அந்த மழை ஓய்ந்துவிடும். கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். மழை நின்றதும் காற்றில் ஈரமே இருக்காது. வானம் துடைத்துவிட்டது மாதிரி நீலமாக இருக்கும். நிழலில் நின்றால் சால்வை கேட்கும், வெயிலில் நின்றால் முதுகு சுடும். ஊரில் வெயிலிலிருந்து ஒதுங்கப் பழகியிருக்கிறோம். இங்கே வெயிலைத் தேடிப் போய் உட்காரப் பழக வேண்டும்.

அந்த வெயில் வீட்டின் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிய வேண்டும். நமக்குத் தெற்கு பார்த்த வீடு என்றால் தென்றல் வரும் என்று ஒரு பிரியம் உண்டு. இங்கே வீடு பார்க்கும்போது அதை மறந்துவிடுங்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே 26 பாகையில் இருப்பதால் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மார்ச் 21 வாக்கில் அது அடிவானத்திலிருந்து 64 டிகிரி உயரத்தில் இருக்கும். ஜூன் 21-இல் 40 டிகிரிக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். சூரியன் தாழத் தாழ வடக்கு ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள் நீண்டுகொண்டே வரும். கோடையில் ஜன்னல் திட்டோடு நின்ற வெயில், மே மாதத்தில் அறையின் நடுப்பகுதி வரை வந்து விழும். எது வடக்கு என்று சந்தேகமாக இருந்தால் பகல் பன்னிரண்டு மணிக்கு முற்றத்தில் நில்லுங்கள். உங்கள் நிழல் விழுவது தெற்கு.

அந்த வடக்கு அறையைத்தான் இந்த இரண்டு மாதமும் புழங்கும் அறையாக வைத்துக்கொள்ள வேண்டும். சோபா எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். ஒரு நாற்காலியையும் ஒரு பாயையும் மட்டும் ஜன்னலுக்கு நகர்த்துங்கள். தரையில் டைல்ஸ் என்றால் பாய்க்கு அடியில் ஒரு ஜமுக்காளம் வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ச்சி இடுப்பில் ஏறும். காலை ஒன்பது மணிக்குத் திரையை முழுதாக விலக்குங்கள். மாலை நான்கு மணிக்கு இழுத்து மூடுங்கள், பகலில் சுவர் வாங்கிய சூடு எட்டு மணி வரை தாங்கும். மே நடுவில் ஐந்தரை மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது என்பதால் இந்த நான்கு மணிக் கணக்கைத் தள்ளிப்போடக் கூடாது. கீரை ஆய்வது, வெங்காயம் உரிப்பது, பிள்ளைகளின் சட்டைக்குப் பொத்தான் தைப்பது என்று உட்கார்ந்து செய்யும் வேலை எல்லாவற்றையும் பத்து மணிக்கு மேல் அந்த ஜன்னலடியில் வைத்துக்கொள்கிறேன். நாள் முழுக்க வேலை பார்த்த அலுப்பே தெரியாது.

பெட்டியிலிருந்து கம்பளிகளை எடுத்ததும் நேராகக் கட்டிலில் போட்டுவிடாதீர்கள். இரண்டு நாள் கொடியில் போட்டு, நடுவில் ஒரு தரம் புரட்டிவிடுங்கள். அந்துருண்டை வாசனை போய் வெயில் வாசனை வரும். அந்த முதல் இரவு பிள்ளைகள் போர்வைக்குள் மூக்கை வைத்துக்கொண்டு தூங்குவார்கள்.

இப்போது மோர் மிளகாய்க்கு வருகிறேன். ஊரில் வத்தல் வடகம் போடுவது பங்குனி சித்திரையில், காரணம் அக்கினி வெயில். இங்கும் அதே மாதத்தில்தான் போட வேண்டும், ஆனால் காரணம் வேறு. இங்கே உலர்த்துவது சூட்டைவிட வறண்ட காற்று. 22, 23 டிகிரி வெயிலில் வத்தல் காயுமா என்று கேட்பவர்கள் ஒரு கொடி ஈரத்துணியைப் போட்டுப் பார்க்கட்டும், மதியத்துக்குள் மொடமொடவென்று ஆகியிருக்கும். டர்பனில் இருப்பவர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. கடல் காற்றின் ஈரத்தில் மிளகாய் காய்வதற்குள் பூசணம் பிடித்துவிடும். அவர்கள் இங்குள்ள சொந்தக்காரர்களிடம் சொல்லி வைப்பதே நல்லது.

கோடை முடிவில் பச்சை மிளகாய் மலிவாக வரும்போது அரை கிலோ வாங்குங்கள். ஒல்லியான நீள மிளகாய் வேண்டாம், காய்ந்தால் வெறும் தோல்தான் மிஞ்சும். ஹாலபீன்யோவும் வேண்டாம், சதை தடித்து உள்ளே ஈரம் நிற்கும். விரல் நீளத்தில் கொஞ்சம் பருமனாக இருப்பது சரி. காம்பைக் கிள்ளாமல் கழுவி, துணியில் ஒற்றி, நுனிப் பக்கம் ஒரு அங்குலம் கீறுங்கள். காம்பு போனால் வறுக்கும்போது விதை எண்ணெயில் சிதறும்.

மோருக்குத் தயிரைப் புளிக்க வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்தக் கடையிலும் பெரிய பாட்டிலில் கிடைக்கும் மாஸ், அதாவது ஜூலுக்காரர்கள் அமாசி என்று சொல்லும் கெட்டிப் புளித்த பால், இதற்கு அருமையாக உதவும். முக்கால் லிட்டர் மாஸில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக் கடைந்து, கால் கப் கல் உப்பும் அரைத் தேக்கரண்டி பெருங்காயமும் சேருங்கள். நாக்கில் வைத்தால் உப்பு கரிக்க வேண்டும். பிற்பாடு உப்பு போட வழியில்லை. குறைந்தால் மிளகாய் கெட்டுவிடும். மிளகாயைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, முழுக மோர் ஊற்றி, இரண்டு நாள் ஊற விடுங்கள். காலையும் மாலையும் குலுக்கிவிட வேண்டும். பச்சை நிறம் வெளிறி, ஆலிவ் நிறத்துக்கு வந்ததும் வெளியே எடுக்கலாம்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மிளகாயை மட்டும் வடித்து, பழைய வேட்டித் துணியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புங்கள். ஸ்டூப் என்று இங்கே சொல்லும் வீட்டுத் திண்ணையின் வடக்கு ஓரம் எனக்கு வசதி. காகத்துக்குப் பதிலாக இங்கே மைனாக்கள். கண்ணெதிரே வந்து கொத்தித் தூக்கிக்கொண்டு போகும். மேலே ஒரு வலைத் திரையைப் போர்த்தி, நான்கு மூலையிலும் கல் வையுங்கள். மூன்றரை மணிக்கு மிளகாயை எடுத்து அதே மோரில் திரும்பப் போட்டுவிடுங்கள். ஐந்து மணி வரை விட்டுவைக்கக் கூடாது. குளிர் ஏற ஏறச் சுற்று வட்டாரத்தில் நிலக்கரி அடுப்பு மூட்டுவார்கள், அந்தப் புகை மிளகாயில் ஏறிவிடும். மறுநாள் மறுபடி வெயில், மாலையில் மறுபடி மோர். நாலைந்து நாளில் மிளகாயே மோரை முழுக்கக் குடித்துவிடும். அதற்குப் பிறகு மோர் இல்லாமல் வெயிலில் மட்டும் காய விடுங்கள். ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும், வளைத்தால் ஒடிய வேண்டும். அதுவரை டப்பாவில் போடாதீர்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு இங்கே நாலு தலைமுறை. தமிழில் நாலைந்து வாக்கியம் பேசுவார், மற்றதெல்லாம் இங்கிலீஷ். மோர் மிளகாய் அவர் வீட்டில் வழக்கொழிந்து போயிருந்தது. ஒரு தரம் தயிர் சோற்றோடு கொடுத்தேன். வாயில் போட்டதும், "எங்க ஆயா இதச் செய்யும், இதேதான்!" என்று கண் கலங்கிவிட்டார். அதிலிருந்து வருடா வருடம் மிளகாய் அவர் செலவு, வேலை என்னுடையது.

கூழ் வத்தலும் இதே நாட்களில் போட்டுவிடலாம். கடைகளில் பரவலாகக் கிடைப்பது புழுங்கிய நீள அரிசி, அது வத்தலுக்கு ஆகாது. நம் ஊர்ச் சாமான் கிடைக்கும் ஃபோர்ட்ஸ்பர்க் பக்கம் போகும்போது பச்சரிசி மாவு வாங்கி வையுங்கள். ஒரு கப் மாவுக்கு ஐந்து கப் தண்ணீர். உப்பு, அரைத்த பச்சை மிளகாய், சீரகம் போட்டுக் காய்ச்சி, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்து, ஸ்பூனால் பிளாஸ்டிக் விரிப்பில் ஊற்ற வேண்டியதுதான். மூன்று நாள் வெயில் போதும்.

குளிர் தொடங்கியதும் எல்லாரும் கேட்கும் இன்னொன்று இட்லி மாவு. ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே போனால் மாவு அசையாது. அடுப்பில் வெந்நீர் வைத்துப் பக்கத்தில் மாவை வைப்பது, கம்பளி சுற்றுவது எல்லாம் அரைகுறை வேலை. 2008-இல் இந்த நாட்டில் தொடங்கப்பட்ட வொண்டர்பேக் என்று ஒரு பை இருக்கிறது. கொதித்த பாத்திரத்தை உள்ளே வைத்து மூடினால் சூடு ஆறாமல் அதிலேயே பண்டம் வேகும். மின்சாரம் போகும் நாட்களுக்காகப் பல வீடுகளில் வாங்கி வைத்திருக்கிறார்கள். அரைக்கும்போதே வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரையுங்கள். உப்புப் போட்டுக் கையால் நன்றாகக் கலந்து, பாத்திரத்தை அந்தப் பைக்குள் வைத்து, கூடவே வெந்நீர் நிரப்பிய ஒரு பாட்டிலையும் துணி சுற்றி வையுங்கள். காலையில் மாவு பொங்கி நிற்கும். தயிருக்கும் இதே பைதான். பால் மட்டும் கை பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும்.

கறிவேப்பிலைத் தொட்டியை மே முதல் வாரத்தில் வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். மே நடுவுக்கு மேல் எந்த இரவிலும் உறைபனி விழலாம், ஒரே இரவில் இலை கருகிவிடும். வடக்கு ஜன்னலடியில் வைத்து, மேல் மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள். குளிரில் வேர் அழுகுவதற்கு அதிகத் தண்ணீரே காரணம். முருங்கை தரையில் இருந்தால் இடுப்பு உயரத்துக்கு வெட்டி, நர்சரியில் விற்கும் பனித்துணியைச் சுற்றிக் கட்டுங்கள். வெட்டிய கொப்பின் கீரையை ஆய்வதற்கு அன்று வீட்டில் உள்ள எல்லாரையும் உட்கார வைத்துவிடலாம்.

வருடப் பிறப்பு மாங்காய்ப் பச்சடிக்கும் முன்யோசனை வேண்டும். ஏப்ரல் 14-இல் இங்கே மாம்பழக் காலமே முடிந்திருக்கும், புளிப்பு மாங்காய் தேடினாலும் கிடைப்பது அரிது. டிசம்பர், ஜனவரியில் ஆச்சார் ஊறுகாய்க்கென்று பச்சை மாங்காய் குவிந்து கிடக்கும்போது நாலைந்து வாங்கி, தோல் சீவித் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். வேப்பம்பூ ஊரிலிருந்து வரும் பொட்டலம்தான். தெருவில் வேம்பு மாதிரி நிற்கும் சிரிங்கா மரத்தை நம்பி அதன் பூவையோ காயையோ சமையலில் சேர்த்துவிட வேண்டாம். அந்தக் காய் விஷம்.

சாயங்காலத்துக்கு ரூய்பாஸ் என்னும் இந்த நாட்டு மூலிகைத் தேநீர் போடுங்கள். காபி ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும், இதில் கஃபீன் கிடையாது. பையை வெந்நீரில் முக்கியெடுத்தால் வைக்கோல் தண்ணீர்தான் வரும். தட்டிய சுக்கும் ஒரு ஏலக்காயும் சேர்த்து, அடுப்பில் ஏழெட்டு நிமிடம் கொதிக்க விட்டால் செம்மண் நிறத்தில் இறங்கும். பால் விடுவது உங்கள் இஷ்டம், நான் விடுவதில்லை. நார்ச்சிப் பழம், அதாவது கமலா ஆரஞ்சு, வரத் தொடங்கும் நேரம் என்பதால் உரித்த தோலையும் அந்த வத்தல் துணியின் ஓரத்தில் காய வைத்து எடுத்து வையுங்கள். கொதிக்கும் ரூய்பாஸில் ஒரு துண்டு போட்டால் வீடெல்லாம் மணக்கும்.

ஈஸ்டர் விடுமுறையில் டர்பன் போகிறவர்கள், புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வரும்போது, மறக்காமல் மடும்பி வாங்கி வாருங்கள். நம் சேப்பங்கிழங்குதான், இலையுதிர் காலத்தில்தான் தோண்டுகிறார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் பங்களாதேஷ் மார்க்கெட்டில் மண் ஒட்டியபடியே குவித்து வைத்திருப்பார்கள். மண் ஒட்டியதே நல்லது, கழுவியது சீக்கிரம் அழுகும். பச்சையாகத் தோல் சீவினால் கை அரிக்கும், அதனால் தோலோடு உப்புப் போட்டு, கத்தி தடையில்லாமல் இறங்கும் வரை வேக வையுங்கள். அரைவேக்காட்டில் தின்றால் தொண்டையும் அரிக்கும். சூடாக இருக்கும்போதே தோலைப் பிதுக்கி எடுத்து, கொஞ்சம் புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு, நல்லெண்ணெய் விட்டுப் பிசிறி, கிண்ணத்தோடு வடக்கு ஜன்னலுக்குக் கொண்டு போய்விடுங்கள். மீந்தால் மறுநாள் வட்டமாக நறுக்கி, அரிசி மாவு தூவித் தோசைக்கல்லில் மொறுமொறுவென்று போட்டு எடுக்கலாம். ரசத்துக்கு அதைவிட நல்ல தொடுகறி எனக்குத் தெரிந்து இல்லை.