பழைய கேசட்டைக் கணினிக்கு மாற்றும் முன்

கோலாலம்பூரோ பினாங்கோ, வீட்டு அலமாரியில் இருபது முப்பது வருடம் கிடந்த கேசட்டை எடுத்த கையோடு ஓட்டாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து, நடுவிலுள்ள கண்ணாடி வழியாகச் சுருளைப் பாருங்கள். நாடாவின் ஓரத்தில் திருநீறு தூவியது போல வெள்ளையாக இருந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றுக்கு இது சகஜம். அப்படியே ஓட்டினால் தூள், நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டில் அப்பி ஒலி மங்கும். அடுத்து போடும் கேசட்டுக்கும் ஒட்டும். மூடிய டப்பாவில் சிலிகா ஜெல்லோடு சில நாள் உலர வைத்து, முகக்கவசம் அணிந்து, வேறொரு பழைய பிளேயரில் முன்னும் பின்னும் சுற்றித் தூளை உதிருங்கள்.

கேசட்டின் மேல் விளிம்பிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள். தவறிப்போய் ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் தாத்தாவின் குரல் அழியாது.

ஹெட்டையும் நாடாவை இழுக்கும் உலோகத் தண்டையும் 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள், குச்சியில் பழுப்பு வருவது நிற்கும் வரை. ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் வேண்டாம், இறுகிவிடும். லேசான சோப்புத் தண்ணீர் போதும்.

பலரும் விட்டுவிடும் வேலை அசிமத், அதாவது நாடாவுக்கு ஹெட் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது. ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சிறிய திருகு இருக்கும். கேசட்டை ஓடவிட்டு, இரண்டு சேனலையும் மோனோவாகக் கலந்து கேட்டபடி அதைக் கால் சுற்றுக்கும் குறைவாக, மெல்லத் திருப்புங்கள். ஜால்ரா மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டும் வெவ்வேறு ரெக்கார்டரில் பதிவானது, அதனால் ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்தாக வேண்டும். இங்கே தொலைந்த கூர்மையை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது.

கேசட் டெக்கின் லைன் அவுட்டிலிருந்து சிவப்பு, வெள்ளை வயர்களை, ஒலியை எண்ணாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் இன்னுக்குக் கொடுங்கள். மடிக்கணினியின் மைக் துளை வேண்டாம். அது பெரும்பாலும் மோனோ. மில்லிவோல்ட் அளவு சிக்னலுக்கென்றே செய்தது, லைன் அளவைத் தாங்காமல் கரகரக்கும்.

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 மாதிரி), 24 பிட் வையுங்கள். பிடிக்க வேண்டிய உச்ச அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கு மேல் மாதிரி எடுத்தால் போதும். காது கேட்பது 20 கிலோஹெர்ட்ஸ் வரை, சாதாரண கேசட்டில் அதுகூடக் கிடையாது. 96 வைத்தால் வட்டில் இடம்தான் வீண். மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே பதிவாகும் இடைவெளி ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல் என்பதால் கேசட்டின் இரைச்சலுக்கு 16 பிட்டே தாராளம். 24 எதற்கு என்றால், பயமில்லாமல் அளவைக் குறைத்துப் பதிவு செய்வதற்கு.

உருமி மேளம் உச்சத்தில் அடிக்கும் இடத்தைத் தேடி ஓடவிட்டு, மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். பூச்சியத்தை எட்டினால் அதற்கு மேல் எழுத எண்ணே இல்லை. அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். அப்படி வெட்டுப்பட்டால் மறுபடி பதிவு செய்வது ஒன்றே வழி.

'ம்ம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் முனகல் வந்தால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால், இந்த முனகலைத் தடுக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றை டெக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே வயரில் போடுங்கள். கோலாலம்பூரில் ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளில் விசாரிக்கலாம்.

60 நிமிடக் கேசட் சுமார் 1 ஜிபி வரும். மூலத்தை, தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக இரண்டு இடங்களில் வையுங்கள். இரைச்சல் நீக்குவது, வாட்ஸ்அப்புக்கு எம்பி3 ஆக்குவது எல்லாம் நகலில்தான்.