மீனுவுக்கு வீட்டிலேயே டிரிப்ஸ்

என் பூனை மீனுவுக்கு வயது 14. திடீரென்று ஒரு காலை, மத்தி மீனை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. தண்ணீர்க் கிண்ணத்தின் முன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது. வெயில்தான் காரணம் என்று ஒரு நாள் சும்மா விட்டேன். அது தப்பு. பூனை சில நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும். பக்கத்து வீட்டு அக்கா கால் பாராசிட்டமால் கொடுக்கச் சொன்னார். நல்லவேளை, கொடுக்கவில்லை. பூனைக்கு அது விஷம்.

ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 5.8 என்று ஏறியிருந்தது. சிறுநீரகக் கோளாறு. மூன்று நாள் மருத்துவமனையில் நரம்பு வழியாக டிரிப்ஸ் ஏற்றினார்கள். அப்புறம் தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை வீட்டிலேயே ஏற்ற டாக்டர் எனக்கே கற்றுக்கொடுத்தார். மீனுவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் 100 மில்லி.

முதல் தடவை ஊசி தோலின் மறுபக்கம் வந்து பாதி மருந்து என் மடியில். மீனு பரணில்!

பிறகுதான் பிடிபட்டது. பாட்டிலைச் சற்று நேரம் வெந்நீரில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தேன். சில்லென்று இறங்கியதால்தான் அது துள்ளியிருக்கிறது. பாட்டிலை ஜன்னல் கம்பியில் உயரமாக மாட்டினால் சீக்கிரம் இறங்குகிறது. தோள்களுக்கு நடுவே தோலைக் கூடாரம்போல் தூக்கி, அதன் அடியில் ஊசியைப் படுக்கையாகச் செலுத்த வேண்டும். முடிந்ததும் முன்னங்கால் பக்கம் பைபோலத் தொங்கும். பயந்துவிட்டேன், சில மணி நேரத்தில் வற்றிவிட்டது.

இரண்டாம் வாரம் மீனு மறுபடி என் தட்டில் கை வைத்தது. திட்ட மனம் வரவில்லை.