‘ஜீரணிக்க முடியலை’ என்பதை ஆங்கிலத்தில் சொல்ல: ‘எ பிட்டர் பில் டு ஸ்வாலோ’, படிப்படியாக

பிள்ளைக்கு நீட்டில் நாலு மதிப்பெண்ணில் இடம் போய்விட்டது. பாகப்பிரிவினையில் கிணறு இருக்கிற வயல் அண்ணனுக்கும், கரட்டுக்காடு தம்பிக்கும் என்று ஆகிவிட்டது. பல வருடம் உழைத்த கம்பெனி, நேற்று வந்தவரை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டது. மதுரைப் பக்கம் இதற்கெல்லாம் ‘என்னால ஜீரணிக்கவே முடியலப்பா’ என்போம்.

இதை ஆங்கிலத்தில் சொல்ல வரும்போது நம்மில் பலர் ‘ஐ காண்ட் டைஜஸ்ட் இட்’ என்கிறோம். நம் நாட்டுக்காரர்களுக்குள் இது நன்றாகவே புரியும். ஆனால் லண்டனில் இருக்கும் ஒருவரிடம் போனில் சொன்னால், ‘விஷயத்தை இன்னும் யோசித்து முடிக்கவில்லை போல’ என்று அவர் நினைக்க வாய்ப்பு இருக்கிறது. ஒரு அறிக்கையைப் படித்து உள்வாங்குவதற்குத்தான் அவர்கள் அதிகமாக ‘டைஜஸ்ட்’ போடுவார்கள். நம் மனதில் இருக்கிற வலிக்கு அவர்களிடம் வேறு தொடர் இருக்கிறது: ‘எ பிட்டர் பில் டு ஸ்வாலோ’. விழுங்கக் கசக்கிற மாத்திரை.

ஸ்போக்கன் இங்கிலீஷ் ஆரம்பிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். கண்ணால் மட்டும் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

படி 1: அந்த மாத்திரையை முதலில் மனதில் பாருங்கள்

இந்தத் தொடர் ஆங்கிலத்தில் 400 ஆண்டுகளுக்கும் மேலாகப் புழங்குகிறது. அந்தக் காலத்து மாத்திரை இன்றைய பாராசிட்டமால் மாதிரி இயந்திரத்தில் அடித்து அட்டையில் வருவதில்லை. மருந்துப்பொடியைப் பிசைந்து கையாலேயே உருட்டுவார்கள். கற்றாழையை வற்றக் காய்ச்சி எடுத்த கரியபோளம் போன்ற கடும் கசப்புச் சரக்குகள் அதில் இருக்கும். கசப்பை மறைக்க மேலே சர்க்கரை பூசினார்கள். பணக்காரர்களுக்குத் தங்கத்தாளே சுற்றிக் கொடுத்ததும் உண்டு. ‘ஷுகர் தி பில்’ என்ற இன்னொரு தொடர் வந்தது இந்தப் பழக்கத்தில் இருந்துதான். கெட்ட செய்தியைக் கொஞ்சம் இனிப்புத் தடவிச் சொல்வது என்று அதற்குப் பொருள். சூரணத்தைத் தேனில் குழைத்துத் தரும் நம் வைத்தியருக்கும் இதே கவலைதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாத்திரை கசக்கும், ஆனால் உள்ளே போய்விடும். ‘ஜீரணிக்க முடியலை’ என்று நாம் சொல்லும்போது கதவைச் சாத்திவிடுகிறோம், முடியவே முடியாது என்கிறோம். ‘பிட்டர் பில்’ என்று சொல்கிறவர் அப்படிச் சாத்துவதில்லை. கஷ்டம்தான், ஆனாலும் ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

படி 2: பயன்படுத்தும் முன் மூன்று கேள்வி

நடந்தது இனி மாறாத விஷயமா? அது என் மனதை அல்லது மானத்தைத் தொட்டதா? ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லையா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் தாராளமாகச் சொல்லலாம்.

மாட்டுத்தாவணியில் பஸ் அரை மணி நேரம் தாமதம் என்றால் இது பொருந்தாது, அது வெறும் எரிச்சல். நாளைக்கு ரிசல்ட், பயமாக இருக்கிறது என்றாலும் பொருந்தாது, இன்னும் எதுவும் நடக்கவில்லை. ரிசல்ட் வந்து, நம்பர் இல்லை என்று தெரிந்து, வீட்டில் எல்லாரும் அமைதியாக இருக்கிற அந்தச் சாயங்காலத்துக்குத்தான் இந்தத் தொடர்.

படி 3: வாக்கியத்தைக் கட்டுங்கள்

முதலில் நடந்த விஷயத்தை வையுங்கள். அடுத்து ‘இஸ்’ அல்லது ‘வாஸ்’. அப்புறம் தொடர் முழுசாக.

‘லூஸிங் தி ஃபைனல் வாஸ் எ பிட்டர் பில் டு ஸ்வாலோ.’ இறுதிப் போட்டியில் தோற்றதை ஏற்கக் கஷ்டமாக இருந்தது.

‘ஹிஸ் ரிஜெக்‌ஷன் வாஸ் எ பிட்டர் பில் டு ஸ்வாலோ.’ அவர் மறுத்ததை ஏற்கக் கஷ்டமாக இருந்தது.

எழுவாயாக வருவது ஒரு செய்தி, முடிவு, தோல்வி, உண்மை இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். ஆளைப் போடக் கூடாது. ‘மை மேனேஜர் இஸ் எ பிட்டர் பில்’ என்றால் மேனேஜரே கசப்பான ஆள் என்று திட்டுவது போல ஆகிவிடும்.

யாருக்குக் கசந்தது என்று சொல்ல ‘ஃபார்’ போடுங்கள். ‘இட் வாஸ் எ பிட்டர் பில் ஃபார் மை ஃபாதர் டு ஸ்வாலோ’ என்று நடுவிலும் வைக்கலாம், ‘எ பிட்டர் பில் டு ஸ்வாலோ ஃபார் மை ஃபாதர்’ என்று கடைசியிலும் வைக்கலாம். முதலாவது காதுக்கு நன்றாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

இங்கே நம் தமிழ் நாக்கு சில இடங்களில் இழுக்கும். மாத்திரை என்றாலே நமக்கு ‘டேப்லெட்’ என்று வருவதால் ‘பிட்டர் டேப்லெட்’ என்று சொல்லிவிடுகிறார்கள். மாத்திரையை நாம் ‘சாப்பிடுவோம்’, ‘போடுவோம்’. அதனால் ‘பிட்டர் பில் டு ஈட்’ என்றும் வந்துவிடுகிறது. இந்தத் தொடரில் பில் பில்லாகவே இருக்கும், ஸ்வாலோ ஸ்வாலோவாகவே இருக்கும். முன்னால் இருக்கும் ‘எ’யையும் விழுங்கிவிடாதீர்கள். மாற்ற அனுமதி உள்ளது ‘பிட்டர்’ மட்டும்தான்: ‘எ ஹார்ட் பில் டு ஸ்வாலோ’, ‘எ டஃப் பில் டு ஸ்வாலோ’ இரண்டும் சரி. அவமானம் கலந்த இடத்துக்கு ‘பிட்டர்’ நன்றாகப் பொருந்தும்.

படி 4: நம் ஊரில் வைத்துப் பழகுங்கள்

புத்தகத்தில் இருக்கும் ஜானும் மேரியும் நமக்கு ஒட்டவே மாட்டார்கள். நாம் உண்மையாகவே வருத்தப்பட்ட விஷயத்தில் வைத்துச் சொன்னால்தான் தொடர் நாக்கில் நிற்கும்.

தங்கம் தியேட்டரில் இருந்து ஆரம்பிக்கலாம். 1952இல் திறந்தது, ஆசியாவிலேயே பெரிய திரையரங்குகளில் ஒன்று என்று பேர் வாங்கியது. அதை இடித்து அந்த இடத்தில் ஜவுளிக்கடை வந்தபோது பழைய ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? ‘ஃபார் தி ஓல்ட் ஃபேன்ஸ், தி எண்ட் ஆஃப் தங்கம் தியேட்டர் வாஸ் எ பிட்டர் பில் டு ஸ்வாலோ.’

மேலூர் கடைமடை விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. முல்லைப் பெரியாறு அணையில் 152 அடி வரை தேக்கலாம் என்று இருந்ததை 1979இல் 136 அடியாகக் குறைத்தார்கள். 2014இல்தான் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 142 அடிக்கு வந்தது. ஒவ்வொரு அடியும் வயலுக்கு வரும் தண்ணீர். ‘தி 136 ஃபீட் லிமிட் வாஸ் எ பிட்டர் பில் ஃபார் அவர் ஃபார்மர்ஸ் டு ஸ்வாலோ.’ இதை உங்கள் தாத்தாவிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள், அவர் அரை மணி நேரம் பேசுவார். அதில் இருந்து நீங்களே நாலு வாக்கியம் கட்டலாம்.

ஜல்லிக்கட்டில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் தொடரின் எல்லை எது என்று அங்கேதான் தெரிகிறது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2015 பொங்கலுக்கும் 2016 பொங்கலுக்கும் அலங்காநல்லூர் வாடிவாசல் திறக்கவில்லை. வருடம் முழுக்க மாடு வளர்த்தவர்கள் அதைக் கட்டுத்தறியிலேயே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அந்த இரண்டு வருடத்துக்கு ‘இட் வாஸ் எ பிட்டர் பில் டு ஸ்வாலோ’ கச்சிதமாகப் பொருந்தும்.

ஆனால் 2017 ஜனவரியில் என்ன நடந்தது? ஊரும் மாணவர்களும் உட்கார்ந்து விட்டார்கள். அவசரச் சட்டம் வந்தபோதும், நிரந்தரச் சட்டம் வேண்டும் என்று சொல்லி, தொடங்கி வைக்க வந்த முதல்வரையே அலங்காநல்லூர் திருப்பி அனுப்பியது. அடுத்த நாளே சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. அப்படியானால் மாத்திரையை அவர்கள் விழுங்கவில்லை. இப்போது வாக்கியத்தைத் திருப்ப வேண்டும்: ‘இட் வாஸ் எ பிட்டர் பில், அண்ட் அலங்காநல்லூர் ரெஃப்யூஸ்ட் டு ஸ்வாலோ இட்.’ கசப்பு மாத்திரை, அலங்காநல்லூர் விழுங்க மறுத்தது. எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் இது. படி 2இல் சொன்ன மூன்றாவது கேள்விக்கு ‘வேறு வழி இருக்கிறது’ என்று பதில் வந்தால், தொடரை இப்படித்தான் உடைத்துப் பயன்படுத்த வேண்டும்.

படி 5: ‘பட்’ சேர்த்துப் பேசுங்கள்

இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐ.டி. பூங்காக்களுக்கு நேர்காணலுக்குப் போகிற தம்பி தங்கைகள் இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். ‘ஏன் ஒரு வருடம் இடைவெளி?’, ‘ஏன் அரியர்?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. காலேஜையோ வாத்தியாரையோ குறை சொல்லவும் வேண்டாம்.

‘ஃபெயிலிங் தட் பேப்பர் வாஸ் எ பிட்டர் பில் டு ஸ்வாலோ, பட் ஐ ஸ்டடிட் அகெய்ன் அண்ட் க்ளியர்ட் இட்.’

முதல் பாதி வலியை ஒப்புக்கொள்கிறது, இரண்டாம் பாதி அதற்கு அப்புறம் என்ன செய்தீர்கள் என்று காட்டுகிறது. கேட்கிறவருக்குத் தேவையானது அந்த இரண்டாம் பாதிதான். அதனால் ‘பட்’டுக்குப் பின்னால் உண்மையாக நீங்கள் செய்ததை மட்டும் வையுங்கள். சொல்லும்போது ‘பிட்டர்’ என்ற இடத்தில் கொஞ்சம் அழுத்தி, ‘ஸ்வாலோ’ முடிந்ததும் ஒரு மூச்சு விட்டு, அப்புறம் ‘பட்’.

படி 6: சொல்லக் கூடாத இடங்கள்

துக்க வீட்டில் இதைச் சொல்லாதீர்கள். தகப்பனை இழந்த பெண்ணிடம் போய் ‘இட்ஸ் எ பிட்டர் பில் டு ஸ்வாலோ’ என்றால், மரணத்தைத் தேர்வுத் தோல்வியோடு சேர்த்து வைத்தது போல இருக்கும். ‘ஐ ஆம் ஸோ ஸாரி ஃபார் யுவர் லாஸ்’ போதும். அவளைப் பற்றி வேறொருவரிடம் பேசுவதானால் ‘கம் டு டெர்ம்ஸ் வித்’ இருக்கிறது: ‘ஷி இஸ் ஸ்டில் ட்ரையிங் டு கம் டு டெர்ம்ஸ் வித் ஹெர் ஃபாதர்ஸ் டெத்.’ மெல்ல மெல்ல, நாள் எடுத்து மனதைத் தேற்றிக்கொள்வதற்கு அது. அதில் கசப்பு வராது, காலம் வரும். ‘வித்’துக்குப் பிறகு வினைச்சொல் வந்தால் ‘லூஸிங்’, ‘ஃபெயிலிங்’ என்று ‘இங்’ சேர்க்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பெரியவர்களைப் பார்த்து ‘யூ ஹேவ் டு ஸ்வாலோ தி பிட்டர் பில்’ என்றும் சொல்ல வேண்டாம். நம் சித்தப்பாவிடம் ‘வாயை மூடிக்கிட்டு ஏத்துக்குங்க’ என்று சொல்வோமா? அதே தொனிதான் அதில் வரும். தன்னைப் பற்றியோ, அங்கே இல்லாத ஒருவரைப் பற்றியோ சொல்லும்போதுதான் இந்தத் தொடர் மரியாதையாக இருக்கும்.

படி 7: குழப்பும் சொந்தக்காரர்கள்

‘எ டேஸ்ட் ஆஃப் யுவர் ஓன் மெடிசின்’ என்பதிலும் மருந்து இருக்கிறது, ஆனால் அது பழிக்குப் பழி. ‘பைட் தி புல்லட்’ என்றால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த கஷ்டமான வேலையைப் பல்லைக் கடித்துச் செய்துவிடுவது. ‘ஹார்ட் டு ஸ்வாலோ’ என்று பில் இல்லாமல் வந்தால் ஏற்கக் கஷ்டம் என்றும் இருக்கலாம், நம்பக் கஷ்டம் என்றும் இருக்கலாம். ‘ஹிஸ் ஸ்டோரி வாஸ் ஹார்ட் டு ஸ்வாலோ’ என்றால் அவன் கதை நம்பும்படி இல்லை. இப்போதைக்கு இந்த அளவு போதும்.

படி 8: வீட்டுப் பாடம்

புது நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஆங்கிலப் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தை எடுங்கள். ஏதாவது ஒரு அணி கடைசி ஓவரில் தோற்றிருந்தால் இந்தத் தொடர் கண்ணில் பட வாய்ப்பு உண்டு. பட்டால் அந்த வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதி, எழுவாயை மட்டும் எடுத்துவிட்டு உங்கள் விஷயத்தை வையுங்கள்.

முயற்சி செய்ய ஒன்று: மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபத்தில் தையல்காரர்கள், புத்தகக்கடைக்காரர்கள், பாத்திரக்கடைக்காரர்கள் எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருந்தார்கள். மண்டபத்தைப் பாதுகாப்பதற்காக அவர்கள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற வேண்டி வந்தது. இடம் போனது வலி, மண்டபத்தின் சிற்பங்களைக் காப்பாற்றுவதும் நியாயம். ‘பட்’ வைத்து ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுதிய பிறகு என் வாக்கியத்தோடு ஒப்பிடலாம்:

‘லீவிங் புதுமண்டபம் வாஸ் எ பிட்டர் பில் ஃபார் தி ஷாப்கீப்பர்ஸ் டு ஸ்வாலோ, பட் தி ஓல்ட் ஹால் நீடட் டு பி சேவ்ட்.’