கல்லீரல் நோயில் எடையை மட்டும் நம்பினால்

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய்) உள்ள ஒருவருக்குச் சத்துக்குறைவு இருக்கிறதா என்று பார்க்க, எடை பார்க்கும் கருவியில் ஏற்றுகிறோம். போன மாதமும் 70 கிலோ, இந்த மாதமும் 70 கிலோ. எடை குறையவில்லை, சரி என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். அதிகம் நடக்கும் தவறு இதுதான். அந்த ஒரு மாதத்தில் தசை கரைந்து, அதற்கு ஈடாக வயிற்றில் நீர் கோத்திருக்கலாம்.

நமக்கு வேண்டியது நீரைக் கழித்த எடை. வயிற்று நீரை எடுத்தவுடன் பார்த்த எடை இருந்தால் நல்லது. இல்லையென்றால், நீர் லேசாக இருந்தால் 5 சதவீதம், நடுத்தரம் என்றால் 10, மிக அதிகம் என்றால் 15 கழிப்பது வழக்கம். இரண்டு காலும் வீங்கியிருந்தால் மேலும் 5. நம் 70 கிலோக்காரருக்கு நடுத்தர அளவு நீரும் கால் வீக்கமும் இருந்தால் மிஞ்சுவது 59.5 கிலோ. உயரம் 170 செ.மீ. என்றால் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 24-லிருந்து 20.6-க்கு வந்துவிடும். இது தோராயம்தான்; ஆனாலும் கழிக்காமல் விடுவதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்தது ஆல்புமின் என்ற இரத்தப் புரதம். அது குறைந்தாலே சத்துக்குறைவு என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆல்புமினைச் செய்வதே கல்லீரல்தானே! அது நலிந்தாலும், உடலில் அழற்சி இருந்தாலும் ஆல்புமின் இறங்கும். நோயின் தீவிரத்தை அறிய அது உதவும். சத்துக்குறைவைக் கண்டுபிடிக்க உதவாது.

உடல் பருத்தவர் என்பதால் சோதிக்காமல் விடுவதும் தவறு. கொழுப்புக்கு அடியில் தசை வற்றியிருப்பது இந்த நோயில் சாதாரணம்.

அப்புறம் எதைப் பார்ப்பது? தசையை. நெற்றிப் பொட்டு குழிந்திருக்கிறதா, காறை எலும்பு துருத்துகிறதா, கட்டைவிரலின் அடிச்சதை தட்டையாகிவிட்டதா என்று தொட்டுப் பாருங்கள். கைப்பிடி வலுவை அளக்கும் கருவி இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். நீர் கோத்திருந்தாலும் அந்த அளவு அவ்வளவாக ஏமாற்றாது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஐந்து முறை எழச் சொல்லி நேரத்தைக் குறிக்கலாம். வேறு காரணத்துக்காக வயிற்று சிடி ஸ்கேன் எடுத்திருந்தால், இடுப்பு முதுகெலும்பின் மூன்றாம் எலும்பு மட்டத்தில் தசைப் பரப்பை அளந்து தரச் சொல்லுங்கள். இதற்கென்று தனியாக ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை.

'நன்றாகச் சாப்பிடுகிறீர்களா?' என்று ஒற்றைக் கேள்வியோடு நிறுத்தாதீர்கள். வயிற்று நீர் இரைப்பையை அழுத்துவதால் நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடும்; அவருக்கு அதுவே நன்றாகச் சாப்பிட்டதாகத் தோன்றும். கல்லீரல் நோயால் நினைவு தடுமாறுகிறவரிடம் நேற்று சாப்பிட்டதைக் கேட்டுப் பயனில்லை, சமைத்துப் போடுகிறவரிடம் கேளுங்கள். புரதத்தை யாராவது குறைக்கச் சொன்னார்களா என்றும் விசாரியுங்கள். நீர் கழித்த எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தினமும் அவருக்குத் தேவை. கடைசியாக, இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், காலையில் எப்போது வாயில் ஏதாவது போட்டார் என்று கேளுங்கள். இந்தக் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. இடையில் பன்னிரண்டு மணி நேரம் போயிருந்தால் உடல் தசையை உடைக்கத் தொடங்கியிருக்கும்.