இம்மர்சிவ் மிக்ஸிங்குக்கு மானிட்டர் கன்ட்ரோலர் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு ஸ்பீக்கர் வைத்து ஸ்டீரியோ மிக்ஸ் செய்யும் வரைக்கும் மானிட்டர் கன்ட்ரோலர் என்பது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு திருகு, அவ்வளவுதான். கேட்பவரைச் சுற்றியும் தலைக்கு மேலேயும் ஒலி வரும் இம்மர்சிவ் மிக்ஸிங்கில், 7.1.4 (காதுமட்டத்தில் ஏழு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், மேலே நான்கு) என்று வந்துவிட்டால் நிலைமை வேறு. பன்னிரண்டு சேனல்களின் அளவு, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி டிலே (தாமதம்), ஈக்யூ (அலைவரிசைவாரியான திருத்தம்), பேஸ் மேனேஜ்மென்ட் (மற்ற ஸ்பீக்கர்களின் தாழ்ந்த ஒலியைச் சப்வூஃபருக்குத் திருப்பிவிடுவது), ஸ்டீரியோவாக மடக்கிக் கேட்கும் வசதி என எல்லாம் அந்த ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிடுகின்றன.

அங்கே இருக்கும் பிழை நேரடியாகக் கோப்பில் பதிவாகாது. ஆனால் காது அதை நம்பும், கை அதை ஈடுகட்டும். சென்டர் ஸ்பீக்கர் 3 டெசிபெல் கூடுதலாக ஒலித்தால், சென்டரில் வைத்த குரலை நீங்கள் 3 டெசிபெல் இறக்கிவிடுவீர்கள். உங்கள் அறையில் எல்லாம் அழகாகவே கேட்கும். வெளியே போனதும் குரல் இசைக்குள் புதைந்து கிடக்கும். அறையின் பிழை தலைகீழாக மிக்ஸுக்குள் போய்விடுகிறது என்பதால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

புதிதாக அட்மாஸ் (டால்பியின் இம்மர்சிவ் ஒலி முறை) அறை அமைப்பவர்களுக்கு உதவப் போகும்போது, எங்கள் தலைமுறை தொடக்கத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் அவர்களும் விழுகிறார்கள். கேபிளை மாற்றிச் செருகுவது, ஸ்பீக்கருக்கு மின்சாரம் கொடுக்க மறப்பது போன்றவற்றை இங்கே பேசவில்லை. அவை ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தெரியாமலே மாதக்கணக்கில் ஓடும் பிழைகள்தான் ஆபத்து.

கன்ட்ரோலரின் சொந்த நாய்ஸை மட்டும் நம்புவது

பெரும்பாலான கன்ட்ரோலர்களில் பிங்க் நாய்ஸ் (எல்லா அலைவரிசையும் கலந்த சோதனை இரைச்சல்) ஜெனரேட்டர் உள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பீக்கராக நாய்ஸ் போட்டுப் பார்க்கிறார்கள், பெயருக்குச் சரியான ஸ்பீக்கரிலிருந்து சத்தம் வருகிறது, சோதனை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த நாய்ஸ் கன்ட்ரோலரிலிருந்து ஸ்பீக்கர் வரைக்கும்தான் பயணம் செய்கிறது. டிஏடபிள்யூவிலிருந்து (மிக்ஸ் செய்யும் மென்பொருள்) ரெண்டரருக்கும் (மிக்ஸை ஸ்பீக்கர்களுக்கான சேனல்களாகப் பிரிப்பது), ரெண்டரரிலிருந்து கன்ட்ரோலருக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. சேனல் வரிசை குழம்புவது அந்த இடைவெளியில்தான்.

எஸ்எம்பிடிஇ, ஃபிலிம் என்று இரண்டு சேனல் வரிசைகள் உண்டு. எஸ்எம்பிடிஇ வரிசையில் இடது, வலது, சென்டர், எல்எஃப்இ (சப்வூஃபருக்கான தாழ்ந்த ஒலிச் சேனல்), அப்புறம் பக்கவாட்டு இரண்டு, பின்பக்கம் இரண்டு. ஃபிலிம் வரிசையில் இடது, சென்டர், வலது, பக்கவாட்டு இரண்டு, பின்பக்கம் இரண்டு, கடைசியாக எட்டாவது இடத்தில் எல்எஃப்இ. ஒரு பக்கம் ஃபிலிம் வரிசை, மறுபக்கம் எஸ்எம்பிடிஇ என்று இருந்தால் இடது பக்கவாட்டுச் சேனல் நேராக சப்வூஃபருக்குப் போகும். எல்எஃப்இ வலது பின் ஸ்பீக்கரில் உறுமும். சென்டரும் வலதும் மாறியிருப்பதை யாரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், சரி. ஆனால் வேவ் கோப்புகளின் இன்னொரு வரிசையில் பின்பக்கச் சேனல்கள் பக்கவாட்டுக்கு முன்னால் வரும். அந்த இரண்டு ஜோடிகள் மட்டும் இடம் மாறினால் கண்டுபிடிப்பது கடினம். அங்கெல்லாம் ரிவெர்பும் கோரஸும்தான் இருக்கும், சுற்றி ஏதோ நிறைவாகக் கேட்கிறது என்று தோன்றிவிடும்.

சோதனையை டிஏடபிள்யூவிலிருந்து தொடங்குங்கள். ஒரு ஆப்ஜெக்ட் (அறைக்குள் எங்கும் நகர்த்தக்கூடிய தனி ஒலி) எடுத்து, பேச்சுக்குரல் ஒன்றைப் போட்டு, காதுமட்டத்தில் அறையை ஒரு சுற்று மெதுவாகச் சுற்றவிடுங்கள். அப்புறம் மேலே ஏற்றி இன்னொரு சுற்று. எங்காவது தாவினால் வரிசையில் கோளாறு. பெட் சேனல்களை (இடம் மாறாத நிலையான சேனல்கள்)த் தனியாக ஒருமுறை சோதியுங்கள், ஏனென்றால் ஆப்ஜெக்ட் சரியாக வந்து பெட் மட்டும் தவறாக வருவதும் உண்டு.

எல்எஃப்இயின் 10 டெசிபெல்

இதைப் பற்றி எத்தனை முறை பேசினாலும் எனக்கு ஆற்றாமை தீரவில்லை. நல்ல காது உள்ளவர்கள், நல்ல கருவி வாங்கியவர்கள், இந்த ஒன்றில் மாட்டி முழு ஆல்பத்தையும் திரும்பச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் இது ஏன் இருக்கிறது என்று பார்ப்போம். தாழ்ந்த ஒலிகள் காதுக்கு எட்ட அதிக ஆற்றல் வேண்டும். அதனால் எல்எஃப்இ சேனல் திரும்ப ஒலிக்கும்போது, அதன் அலைவரிசைப் பட்டைக்குள் மற்ற சேனல்களைவிட 10 டெசிபெல் கூடுதலாக ஒலிக்க வேண்டும் என்பது திரையரங்க ஒலியிலிருந்து வந்த ஏற்பாடு. பதிவில் ஹெட்ரூம் (உச்சத்தைத் தொடும் முன் உள்ள இடம்) மிஞ்சும், அறையில் அதிர்வு கிடைக்கும். இந்த 10 டெசிபெல்லை யாராவது ஒருவர், ஒரே ஒரு இடத்தில் சேர்க்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் சேர்க்கக்கூடிய இடங்கள் பல. கன்ட்ரோலரில் ஒரு தேர்வு இருக்கும். அறைத் திருத்தக் கருவியில் ஒன்று இருக்கலாம். சில சப்வூஃபர்களின் முதுகிலேயே ஒரு சுவிட்ச் இருக்கும்.

நண்பர் ஒருவர் மிக்ஸ் செய்த பாடலை ஒருமுறை எங்கள் அறையில் போட்டுக் கேட்டோம். அவர் அறையில் கிக் டிரம் நெஞ்சில் வந்து மோதும். எங்கள் அறையில் தோலைத் தட்டும் சத்தம்தான் வந்தது, அடியில் ஒன்றுமே இல்லை. எங்கள் சப்வூஃபரைத்தான் அவர் சந்தேகப்பட்டார். மூன்றாவது ஓர் அறையில் கேட்டபோதும் அதே கதை. அவர் அறைக்குப் போய்ப் பார்த்தோம். கன்ட்ரோலரில் எல்எஃப்இ +10 இயக்கத்தில் இருந்தது, அது அவர் தெரிந்தே வைத்தது. சப்வூஃபர் சுவரை ஒட்டி நின்றிருந்தது. அதைக் கொஞ்சம் இழுத்து, போன் வெளிச்சத்தைக் காட்டினால், விரல் நகம் அளவு சுவிட்ச் ஒன்று மேல்நோக்கித் தள்ளியிருந்தது. அதுவும் எல்எஃப்இ +10. பொருத்த வந்தவர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லாமல் இருந்த விதம். தரைமட்டத்து ஏழு ஸ்பீக்கர்களின் அடித்தட்டு ஒலியும் சப்வூஃபருக்குத் தனி வழியில் போய்க்கொண்டிருந்தது. அந்த அளவு சரியாகவே இருந்தது. தனக்குப் பழகிய ஸ்டீரியோ பாடல்களை அவர் போட்டுக் கேட்டிருக்கிறார், அருமையாக இருந்திருக்கிறது. ஸ்டீரியோ பாடலில் எல்எஃப்இ சேனலே கிடையாது! எல்எஃப்இ நுழைவு மட்டும் 10 டெசிபெல் அதிகம். அதனால் ஒவ்வொரு பாடலிலும் எல்எஃப்இ சென்டை, அதாவது அந்தச் சேனலுக்கு அனுப்பும் அளவை, இறக்கிக்கொண்டே வந்திருக்கிறார். அனுப்பிவிட்ட பாடல்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து, சரிசெய்து, மறுபடி மாஸ்டர் எடுத்து, முழுதாகக் கேட்டு, மறுபடி ஒப்படைக்க வேண்டியதாயிற்று. ஒரு சுவிட்ச்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. எங்குமே 10 சேர்க்காமல் விட்டால், எல்எஃப்இ போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவீர்கள். வெளியே அது 10 டெசிபெல் அதிகமாக அடித்து, கேட்பவரின் சப்வூஃபர் திணறும்.

மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது. 10 டெசிபெல் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எஸ்பிஎல் மீட்டரை (அறையின் சத்தத்தை அளக்கும் கருவி)க் கையில் பிடித்து, மற்ற ஸ்பீக்கர்கள் 79 காட்டினால் சப்வூஃபர் 89 காட்டும் வரை அதன் திருகைத் திருகுவது. இதில் இரண்டு தவறுகள். ஒன்று, 10 என்பது பட்டைக்குள் உள்ள வேறுபாடு. முழு அலைவரிசை பிங்க் நாய்ஸில் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை ஆற்றல் இருக்கிறது, எல்எஃப்இயில் 120 ஹெர்ட்ஸ் வரைதான். ஆகவே சி-வெயிட்டிங்கில் (தாழ்ந்த ஒலியை அதிகம் குறைக்காத மீட்டர் அமைப்பு) மீட்டர் 4 முதல் 6 டெசிபெல் வரைதான் கூடுதலாகக் காட்டும். 79க்கு எதிரே 83, 84, 85 என்று வந்தால் போதும். (அதே பிங்க் நாய்ஸின் மேல்பகுதியை வெட்டிய நாய்ஸாக இருக்க வேண்டும். வெட்டிய பிறகு அளவை மறுபடி ஏற்றிய கோப்பாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.) இரண்டு, சப்வூஃபரின் திருகைத் திருகினால் எல்எஃப்இ மட்டுமல்ல, மற்ற ஸ்பீக்கர்களிலிருந்து திருப்பிவிட்ட பேஸும் சேர்ந்து ஏறிவிடும்.

நான் செய்யும் முறை இது. முதலில் எல்லா இடத்திலும் +10 ஐ அணைத்துவிடுவேன், சப்வூஃபரின் முதுகு உட்பட. பிறகு -20 டிபிஎஃப்எஸ் ஆர்எம்எஸ் (டிஜிட்டல் உச்சத்துக்கு 20 டெசிபெல் கீழான சராசரி அளவு) பிங்க் நாய்ஸை வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவேன். சிறிய இசை அறைக்கு 79 டெசிபெல் சி நல்ல எண், பெரிய அறையில் 85 வரை போகலாம். அடுத்து பேஸ் மேனேஜ்மென்ட்டை இயக்கி, இடது சேனலில் மட்டும் நாய்ஸ் போட்டு, அலைவரிசை அனலைசரில் பார்ப்பேன். க்ராஸ்ஓவர் (ஸ்பீக்கரும் சப்வூஃபரும் ஒலியைப் பங்கிடும் எல்லை) 80 ஹெர்ட்ஸ் என்றால் அதற்குக் கீழும் மேலும் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். சப்வூஃபரின் திருகு இந்த வேலைக்கு மட்டும்தான். 80 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் தெரிந்தால் அளவை ஏற்றக் கூடாது. சப்வூஃபரின் போலாரிட்டியையும் (அலையின் பிளஸ்-மைனஸ் திசை) டிலேயையும் மாற்றி, பள்ளம் நிரம்பும் இடத்தைத் தேட வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் எல்எஃப்இ சேனலுக்கு +10, கன்ட்ரோலரில் மட்டும். கடைசியாக அனலைசரில் எல்எஃப்இயின் பட்டை, இடது சேனலின் அதே பட்டையைவிட 10 டெசிபெல் உயரத்தில் நிற்கிறதா என்று பார்ப்பேன். நின்றால் அந்தத் திருகின் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுவேன்.

பேஸ் மேனேஜ்மென்ட்டுக்கும் இதே விதி பொருந்தும். ரெண்டரரில் ஒன்று, கன்ட்ரோலரில் ஒன்று என்று இரண்டு இடத்தில் இயங்கினால், வடிகட்டி மேல் வடிகட்டி விழுந்து க்ராஸ்ஓவர் பகுதியே குழியாகிவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீரியோவாக மடங்கும்போது எல்எஃப்இ பொதுவாகக் கைவிடப்படும். பாட்டின் அடித்தளமான பேஸை எல்எஃப்இயில் மட்டும் வைக்காதீர்கள்.

இரண்டு இடத்தில் வால்யூம்

இன்டர்ஃபேஸின் (கணினியின் ஒலியை வெளியே அனுப்பும் கருவி) அளவைப் பூட்டிவையுங்கள், கன்ட்ரோலரின் திருகு ஒன்றுதான் வால்யூம்.

டிலேயை ஊகித்துப் போடுவது

ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 2.9 மில்லிசெகண்ட் எடுக்கும். சிறிய அறைகளில் மேல் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் முன் ஸ்பீக்கர்களைவிடத் தலைக்குக் கிட்டே இருக்கும், அதனால் மேலிருந்து வரும் ஒலி முந்திக்கொண்டு வந்து, முன்பக்கம் இருக்க வேண்டிய உருவம் மேலே இழுபடும். மிகத் தொலைவில் உள்ள ஸ்பீக்கரை அப்படியே விட்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்குச் சமமாகத் தாமதப்படுத்துங்கள். அளவுநாடாவை ட்வீட்டரிலிருந்து காது இருக்கும் இடம் வரை பிடியுங்கள், நாற்காலியின் முதுகு வரை அல்ல. ட்ரிம்மிலும் (ஸ்பீக்கர்வாரியான அளவுத் திருத்தம்) அப்படித்தான்: சத்தம் குறைந்த ஸ்பீக்கரை ஏற்றாமல் மற்றவற்றை இறக்குங்கள்.

அறைத் திருத்த மென்பொருள் ஏற்கெனவே டிலேயும் ட்ரிம்மும் போட்டிருந்தால் கன்ட்ரோலரில் திரும்பப் போடக் கூடாது.

திருத்த ஈக்யூவைத் தவறான இடத்தில் வைப்பது

அறையின் ஈக்யூ ஸ்பீக்கர்களுக்குப் போகும் வழியில் மட்டும் இருக்க வேண்டும், ரெண்டரருக்குப் பின்னால். டிஏடபிள்யூவின் பெட் டிராக்கில் போட்டால் அது மாஸ்டரில் பதிந்துவிடும். கன்ட்ரோலரில் எல்லா வெளியீட்டுக்கும் பொதுவாகப் போட்டால் ஹெட்போனிலும் ஏறிவிடும். பைனாரலில் (ஹெட்போனுக்கான சுற்றொலி வடிவம்) கேட்பவரின் காதில் உங்கள் அறையின் நிற்கும் அலைக்கு (சுவர்களுக்கிடையே எதிரொலித்துத் தங்கும் தாழ்ந்த ஒலி) வேலை இல்லை.

கன்ட்ரோலரின் டவுன்மிக்ஸ் (ஸ்டீரியோவாக மடக்கும்) பொத்தானை ஸ்டீரியோ என்று நம்புவது

அந்தப் பொத்தான் ஏற்கெனவே ஸ்பீக்கர்களுக்காகப் பிரித்த பன்னிரண்டு சேனல்களை எடுத்து, தனக்குத் தெரிந்த விகிதத்தில் கூட்டுகிறது. கோப்பில் நீங்கள் பதிந்துவைக்கும் டவுன்மிக்ஸ், ட்ரிம் தேர்வுகள் அதற்குத் தெரியாது. ரெண்டரரிலிருந்தே 2.0 (ஸ்டீரியோ) ரீ-ரெண்டர் ஒன்றும் பைனாரல் ஒன்றும் எடுத்து, கன்ட்ரோலரில் தனித்தனி உள்ளீடுகளாகக் கொடுங்கள். விரல் தட்டினால் மாற வேண்டும். மாற்றுவது சிரமமாக இருந்தால் நீங்கள் கேட்க மாட்டீர்கள், அதுதான் அனுபவம்.

ஸ்டீரியோ மாஸ்டருடன் அளவு பொருத்தாமல் ஒப்பிடுவது

அட்மாஸ் இசைக்கு டால்பி சொல்லும் வரம்பு -18 எல்கேஎஃப்எஸ் (முழுப் பாடலின் சராசரிச் சத்த அளவு), ட்ரூ பீக் (அலையின் உண்மையான உச்சம்) -1. பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஸ்டீரியோ மாஸ்டர் -9ல் இருக்கலாம். அப்படியே மாற்றிக் கேட்டால் 9 டெசிபெல் சத்தமான ஸ்டீரியோதான் ஜெயிக்கும். வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அட்மாஸ் உயிரில்லாமல் இருக்கிறது என்று சொல்லிவிடுவார், அப்புறம் நீங்கள் கம்ப்ரெசரைத் தேடிப் போவீர்கள். ஸ்டீரியோ உள்ளீட்டுக்குக் கன்ட்ரோலரில் இன்புட் ட்ரிம் போட்டு இறக்கி வைத்துவிட்டு ஒப்பிடுங்கள். எண்ணால் பொருத்திய பிறகு குரலின் சத்தத்தை வைத்துக் காதால் இன்னொரு முறை பொருத்துங்கள், ஏனென்றால் இரண்டும் விரியும் விதம் வேறு.

கிளாக்

டிஜிட்டல் கருவிகளை ஒரே தாளத்தில் ஓடவைக்கும் கிளாக்குக்குத் தலைமை ஒன்றுதான், மற்ற எல்லாக் கருவிகளும் அதைப் பின்தொடரட்டும்.

உச்ச வரம்பு வைக்காமல் இயக்குவது

பன்னிரண்டு ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் முழு அளவு நாய்ஸை வெளியிட்டால் காதுக்கு நிரந்தரச் சேதம் வரலாம். சாம்பிள் ரேட் மாறும்போதோ டிஜிட்டல் இணைப்பு அறுபடும்போதோ இது நடக்கும். கன்ட்ரோலரில் அதிகபட்ச வால்யூமுக்கு வரம்பு வையுங்கள், இயக்கும்போது மியூட்டில் எழும்படி வையுங்கள்.

அமைப்பைச் சேமிக்காமல் விடுவது

ட்ரிம், டிலே, ஈக்யூ, ரவுட்டிங் எல்லாவற்றையும் தேதி போட்ட கோப்பாகச் சேமித்து, வேறொரு டிஸ்க்கிலும் ஒரு நகல் வையுங்கள். மென்பொருள் அப்டேட் ஆன மறுநாள் அந்தப் பேச்சுக்குரல் ஆப்ஜெக்டை அறையைச் சுற்றி ஒருமுறை ஓட்டிவிட்டு, எல்எஃப்இ பட்டையை அனலைசரில் பார்த்துவிட்டு, அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.