தன்னாட்சி ஆயுதம் ஒன்றைப் போர்ச் சட்டத்தின்படி ஆராய்வது எப்படி?

மனிதக் குறுக்கீடு இல்லாமல் தானே இலக்கைத் தேர்ந்து தாக்கும் ஆயுதம் ஒன்றைப் பற்றிச் செய்தி வந்ததும் எல்லோரும் கேட்பது, அது சட்டத்துக்கு உட்பட்டதா என்பதுதான். அதற்கு ஒரே சொல்லில் விடை இல்லை. ஆனால் விடையைத் தேடுவதற்கு முறை உண்டு. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977 ஜூன் 8 அன்று சேர்க்கப்பட்ட முதலாம் கூடுதல் நெறிமுறையின் 36ஆம் பிரிவு, ஒரு புதிய ஆயுதத்தை உருவாக்கும் அல்லது வாங்கும் நாடு, அதன் பயன்பாடு எல்லாச் சூழல்களிலுமோ சில சூழல்களில் மட்டுமோ தடை செய்யப்பட்டதாகுமா என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்பு அமைச்சகங்களின் சட்ட அதிகாரிகள் செய்யும் அந்த ஆய்வைச் சட்ட மாணவரோ இதழாளரோ தம் மேசையில் செய்து பார்க்க இக்குறிப்பு உதவும். எடுத்துக்காட்டாக, இஸ்ரேலில் தயாரான ‘ஹார்ப்பி’ என்ற ஆளில்லா ஆயுதத்தை வைத்துக்கொள்வோம். லாரியில் இருந்து ஏவப்படும் இது, வானில் சுற்றியபடி ரேடார் அலைகளைத் தேடி, கண்டவுடன் அவற்றின் மூலத்தின் மீது பாய்ந்து வெடிக்கிறது. இந்தியாவும் இதை வாங்கியிருக்கிறது.

முதலில், எந்தச் சட்டம் எந்த நாட்டைக் கட்டுப்படுத்துகிறது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அமெரிக்கா முதலாம் கூடுதல் நெறிமுறையில் கையெழுத்திட்டதோடு நின்றுவிட்டது. இந்தியா அதில் சேரவே இல்லை. ஆனால் பொதுமக்களையும் போராளிகளையும் வேறுபடுத்த வேண்டும் என்ற விதியும், தாக்குதலால் பொதுமக்களுக்கு நேரும் சேதம் எதிர்பார்க்கும் இராணுவப் பயனை நோக்க மிகையாகக் கூடாது என்ற விதியும், நாடுகளின் தொடர் நடைமுறையால் எல்லோரையும் கட்டுப்படுத்தும் வழக்காற்றுச் சட்டமாகிவிட்டதால், கையெழுத்திடாத நாடுகளும் அவற்றுக்குக் கட்டுப்பட்டவையே. ஆயுதம் புதிது என்பதால் பழைய சட்டம் பொருந்தாது என்ற வாதத்தையும் ஏற்க வேண்டாம். அணு ஆயுதங்கள் குறித்த 1996ஆம் ஆண்டுக் கருத்துரையில் பன்னாட்டு நீதிமன்றம், இச்சட்டத்தின் கோட்பாடுகள் நேற்றைய, இன்றைய, நாளைய ஆயுதங்கள் அனைத்துக்கும் பொருந்தும் என்று தெளிவுபடுத்தியிருக்கிறது. பிறகு, தனித் தடை ஏதேனும் உள்ளதா என்று பாருங்கள். கண்பார்வையைப் பறிக்கும் லேசர் ஆயுதங்களை 1995ஆம் ஆண்டு நெறிமுறை தடை செய்ததைப் போலத் தன்னாட்சி ஆயுதங்களுக்கென ஒரு தடை ஒப்பந்தம் இல்லை. ஜெனீவாவில் 2014 முதல் பேச்சு நடக்கிறது. 2017இல் இந்தியத் தூதர் அமன்தீப் சிங் கில் தலைமையில் அரசு வல்லுநர் குழு கூடியது. 2019இல் பதினொரு வழிகாட்டு நெறிகள் ஏற்கப்பட்டன. அவை எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்துபவை அல்ல என்பதைக் குறிப்பில் மறவாமல் எழுதுங்கள்.

அடுத்து, ஆயுதம் என்ன செய்கிறது என்பதைச் சாதாரணச் சொற்களில் விவரியுங்கள். ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற சொல்லை இந்தப் பகுதியில் பயன்படுத்தாமலிருப்பது நல்லது. அந்தச் சொல் விளம்பரத்துக்குப் பயன்படும் அளவுக்கு ஆய்வுக்குப் பயன்படுவதில்லை. எந்த உணரி, எந்த அறிகுறியைக் கண்டால், எந்த எல்லைக்குள், எவ்வளவு நேரம் வரை தாக்கத் தூண்டப்படுகிறது என்று கேளுங்கள். மனிதர் இயக்கிவிட்ட பிறகு குறிப்பிட்ட இலக்கையும் நேரத்தையும் கருவியே முடிவு செய்கிறது என்றால், செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் வரையறைப்படி அது தன்னாட்சி ஆயுதம். இந்த அளவுகோலில் பார்த்தால், தன்னை நோக்கி வரும் ஏவுகணைகளைச் சுட்டு வீழ்த்த 1980 முதல் அமெரிக்கப் போர்க்கப்பல்களில் இருக்கும் ‘ஃபேலங்ஸ்’ பீரங்கியும் இந்த வகையைச் சேர்ந்ததே. ஹார்ப்பியின் அறிகுறி ரேடார் அலை. எந்த ரேடார் என்பதை அதை ஏவியவர் அறிந்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக, ஆயுதத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள். தேவையற்ற துன்பம் விளைவிக்கும் ஆயுதத்தையும், இயல்பிலேயே இலக்கைக் குறிவைக்க இயலாத ஆயுதத்தையும் சட்டம் தடுக்கிறது. பெரும்பாலான தன்னாட்சி ஆயுதங்கள் சுமப்பது வழக்கமான வெடிபொருள்தான் என்பதால் இந்தப் படியைக் கடந்துவிடும். இங்கேயே நின்று ‘சட்டபூர்வமானது’ என்று முடிவெழுதுவதுதான் அடிக்கடி நேரும் பிழை. 1995 மே மாதம் குரோஷியத் தலைநகர் ஸாக்ரெப் மீது ‘ஓர்கான்’ ராக்கெட்டுகள் ஏவப்பட்ட வழக்கில், முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான பன்னாட்டுக் குற்றவியல் தீர்ப்பாயம் 2007இல் குரோஷியாவில் இருந்த செர்பியர்களின் தலைவர் மிலன் மார்டிச்சுக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது, ராக்கெட்டின் தன்மையையும் அது ஏவப்பட்ட தொலைவையும் சேர்த்துப் பார்த்தே, அது குறிப்பிட்ட இலக்கைத் தாக்க இயலாதது என்ற முடிவுக்கு வந்தது. ஆயுதமும் அதைப் பயன்படுத்தும் விதமும் சேர்ந்தே ஆய்வுக்கு உரியவை.

ஆகவே உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை நான்காவது படிக்கு ஒதுக்குங்கள்: இதைப் பயன்படுத்தும் தளபதி சட்டம் தம்மீது சுமத்தும் கடமைகளை நிறைவேற்ற முடியுமா? முதலாம் கூடுதல் நெறிமுறையின் 57ஆம் பிரிவு, இலக்கு இராணுவ இலக்குதானா என்று இயன்ற அளவு சரிபார்க்கும் கடமையைத் தாக்குதலைத் திட்டமிடுவோர் மீதே வைக்கிறது. இலக்கு அதுவல்ல என்றோ, பொதுமக்கள் இழப்பு மிகையாகும் என்றோ தெரியவந்தால் தாக்குதலை நிறுத்த வேண்டும் என்கிறது. ஒருவர் பொதுமகனா என்பதில் ஐயம் இருந்தால் அவரைப் பொதுமகனாகவே கருத வேண்டும் என்கிறது 50ஆம் பிரிவு. சரணடைந்தவரையும், காயமுற்றுப் போரிட இயலாதவரையும் தாக்கக் கூடாது என்கிறது 41ஆம் பிரிவு. வெள்ளைக் கொடியைக் காணாத உணரி இந்தக் கடைசி விதியை எப்படிக் காக்கும் என்று கேளுங்கள்.

ஹார்ப்பிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். நடுக்கடலில், பகைக் கப்பல்கள் மட்டுமே இருப்பதாக உறுதிசெய்யப்பட்ட பகுதியில், குறுகிய நேரத்துக்கு இதை ஏவுவது பெரிய சிக்கலைத் தராது. அதே கருவியை ஒரு நகரின் மேல் மணிக்கணக்கில் சுற்றவிட்டால் நிலைமை மாறுகிறது. பயணிகள் விமான நிலையத்திலும் ரேடார் உண்டு. இராணுவ ரேடாரே ஆனாலும் அது ஒரு மருத்துவமனைக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தப்பட்டிருக்கலாம். அலையைக் கண்ட கருவிக்கு அருகிலுள்ள நோயாளிகள் தெரிவதில்லை. தாக்குதலின் பயனையும் இழப்பையும் எடைபோடுவது சூழலைப் பார்த்து மனிதர் எடுக்கும் தீர்மானம் என்பதால், ஏவிய நேரத்துக்கும் வெடிக்கும் நேரத்துக்கும் இடையே சூழல் மாறக்கூடிய அளவு கூடக்கூட, அந்தத் தீர்மானம் செல்லாமற்போகிறது. ஒரே கருவிக்கு இரு இடங்களில் இரு விடைகள் கிடைப்பது ஆய்வின் குறையன்று.

‘இறுதி முடிவு மனிதரின் கையில்தான்’ என்று தயாரிப்பாளர் உறுதி கூறினால் அதோடு அமைதியடைய வேண்டாம். 2003 மார்ச் 23 அன்று, ஈராக் போரின்போது, அமெரிக்கப் பேட்ரியட் ஏவுகணை அமைப்பு, தளம் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டனின் டொர்னாடோ விமானத்தை ரேடார் எதிர்ப்பு ஏவுகணை என்று வகைப்படுத்தியது. இயக்குவோர் அதை நம்பிச் சுட்டனர். விமானத்தில் இருந்த இருவரும் இறந்தனர். ஏப்ரல் 2 அன்று அமெரிக்கக் கடற்படையின் சொந்த விமானமொன்றும் அதே அமைப்பால் வீழ்த்தப்பட்டது. பிரிட்டனின் விசாரணை, வகைப்படுத்தும் அளவுகோல்களின் குறை, இயக்குவோரின் பயிற்சி, நட்பு விமானத்தை அடையாளம் காட்டும் கருவியின் செயலிழப்பு ஆகிய பல காரணங்களைச் சுட்டியது. பொத்தானருகே மனிதர் இருந்தார். திரை கூறியதைச் சந்தேகிக்க அவருக்கு நேரமும் தகவலும் பயிற்சியும் போதவில்லை. எனவே, அந்த மனிதருக்கு எத்தனை வினாடி கிடைக்கிறது, கருவியின் கணிப்பைத் தவிர வேறு என்ன தெரிகிறது, மறுத்தால் கருவி நிற்குமா என்ற மூன்றையும் தனித்தனியே கேட்டு எழுதுங்கள்.

பொறுப்பு குறித்த பகுதியைச் சுருக்கமாக எழுதலாம், ஆனால் தவிர்க்கக் கூடாது. படையினரின் செயல்களுக்கு நாடு பொறுப்பு என்று அதே நெறிமுறையின் 91ஆம் பிரிவு கூறுவதால் இழப்பீட்டுக் கேள்விக்கு விடை கிடைக்கிறது. தனிமனிதத் தண்டனைதான் கடினம்: பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சட்டத்தின் 30ஆம் பிரிவு பொதுவாக எண்ணத்தையும் அறிவையும் கோருகிறது; யாரும் எண்ணாத தாக்குதலைக் கருவி நிகழ்த்தும்போது அந்த இடம் காலியாகிறது. அதை நிரப்ப, ஏவ ஆணையிட்டவர் பெயரையும், அவருக்கு அப்போது தெரிந்திருந்தவற்றையும் பதிவுசெய்யும் ஏற்பாடு உள்ளதா என்று பாருங்கள்.

அரசுகளின் நிலைப்பாட்டை ஆய்வின் இறுதியில், சட்டத்தோடு கலக்காமல் சேர்க்கலாம். கணிக்க இயலாத தன்னாட்சி ஆயுதங்களையும் மனிதரைக் குறிவைப்பவற்றையும் தடை செய்து, மற்றவற்றுக்குக் கட்டுப்பாடு விதிக்க வேண்டும் என்று செஞ்சிலுவைக் குழு 2021இல் பரிந்துரைத்தது. 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் இது குறித்த தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த நான்கில் இந்தியாவும் ஒன்று.

முடிவுரையை நிபந்தனை வாக்கியமாகவே எழுதுங்கள்: இன்ன வகை இலக்குக்கு, இன்ன நிலப்பரப்பில், இத்தனை நேரத்துக்கு மிகாமல், திரும்ப அழைக்கும் வசதி இயங்கும் நிலையில் மட்டும் பயன்படுத்தலாம் என்று. அதன் கீழே ஆய்வு செய்த நாளோடு மென்பொருளின் பதிப்பு எண்ணையும் குறியுங்கள். இலக்கைத் தேர்வுசெய்யும் முறை ஒரு புதுப்பிப்பில் மாறினால், அது 36ஆம் பிரிவின்படி மீண்டும் ஆராயப்பட வேண்டிய வேறோர் ஆயுதம்.